கப்பித்தானின் கயிறு

1973 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. இன்று எனக்கு எழுபத்து மூன்று வயதும் ஒரு மாதமும் நான்கு நாளும் ஆகின்றன. வயதை நாள் கணக்கில் சொல்வதற்குக் காரணம், இதை எழுதும்போது என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்பதே. பிற்பாடு யாராவது, ஏன், என் மகன் நீயே, கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று சொல்லக்கூடும். உறையை நான் ஒட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். சவேரியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் படித்துவிட்டு, திரேஸ்புரம் கொட்டகையில் இருக்கும், கடலில் மூழ்கி வேலைசெய்யும் மற்றக் குளியாட்களுக்கும் படித்துக்காட்டிவிட்டுத்தான் உன்னிடம் தருவான். நீ வாக்குக் கொடுத்தது அவர்கள் எல்லாரும் கேட்க. அதை நீ திரும்பப் பெற வேண்டுமென்று கேட்கும் கடிதமும் அவர்கள் எல்லாரும் கேட்கவே வர வேண்டும்.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் சொற்களில் ஒருமுறை கேள். பட்டாளத்திலிருந்து மேஜராக ஓய்வுபெற்று வந்த நீ, கடலில் மூழ்கிய தோணியொன்றிலிருந்து பித்தளைத் தகடு எடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டாய். எட்டுப் பாக ஆழம், ஏறக்குறைய ஐம்பது அடி. இராயப்பன் உன் குளியாட்களில் மூத்தவன். அவன் கீழே இருக்கையில் மேலே கயிறு பிடிப்பவன் அவனுடைய மைத்துனன் சவேரி. நம் கரையில் குளியாளின் கயிற்றை மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். தன் உடன்பிறந்தவள் தாலியறுப்பதை விரும்பாத ஒரே ஆள் அவன் என்பது இவர்கள் கண்டுபிடித்த உண்மை. பல்கலைக்கழகத்தில் நான் படித்த எந்த அரசியல் தத்துவத்தையும்விட உறுதியான உண்மை. அன்று சவேரிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள். நீர் தெளிந்திருக்கிறது, பொறுக்க முடியாது என்றாய். கூலிக்கு வந்த ஓர் ஆளிடம் கயிற்றைக் கொடுத்தாய். தூக்கச் சொல்லிக் கீழிருந்து வந்த இழுப்பை நீரோட்டம் என்று அவன் நினைத்துக்கொண்டான். இராயப்பனின் அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் நிற்க, "அடுத்த தடவை முதலில் நான் இறங்குவேன்" என்று சொன்னாய். அந்த அடுத்த தடவை வருகிற திங்கட்கிழமை. உனக்கு நாற்பத்திரண்டு வயது. இடது காதின் சவ்வு கிழிந்து பதினைந்து வருடமாகிறது. மேலும், உனக்கு மைத்துனன் கிடையாது.

இந்த வாக்கை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று நான் யோசிக்க வேண்டியதேயில்லை. நான்தான் கொடுத்தேன். உன் தகப்பனார் விஷக் காய்ச்சலில் போனபோது உனக்கு ஒன்பது வயது. அண்ணாந்து பார்க்க வீட்டில் ஓர் ஆண் வேண்டுமே என்று நானூறு வருடத்துக்கு முந்தைய ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஊர் சொல்லும் கதைதான். போர்ச்சுக்கலிலிருந்து வந்து இந்தக் கரையை ஆண்ட கப்பித்தான், ஒரு முத்துக்குளிப்புக் காலத்தில் சுறா நடமாடுகிறது என்று குளியாட்கள் இறங்க மறுத்தபோது, "உங்களில் ஒருவன் செத்தாலும் நானே இறங்குவேன்" என்று சத்தியம் செய்தார். பதினொரு பேர் செத்தார்கள். கப்பித்தான் தம் வெள்ளைச் சட்டையோடும் இறகு வைத்த தொப்பியோடும் படகில் போய், கரை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, குளியாளைக் கீழே கொண்டுசெல்லும் கல்லில் கால் வைத்து இறங்கினார். திரும்பவில்லை. மறுநாள் குளியாட்கள் முணுமுணுக்காமல் வேலைக்குப் போனார்கள். நம் வீடு அவர் விட்டுச்சென்ற வீடு. நாம் அவருடைய வழி. இதைச் சொல்லி முடித்ததும் நீ அழவில்லை, கைதட்டவில்லை. "அவருக்குக் கயிறு யார் பிடிச்சா?" என்று கேட்டாய். கடவுள் என்றேன். என் வாழ்க்கையில் கடவுளை அவ்வளவு வசதியாக நான் வேறெப்போதும் பயன்படுத்தியதில்லை.

நம் வீட்டுக் கொல்லைக் கிணறு உனக்குத் தெரியும். அதன் வழக்கம் பாதிதான் தெரியும், ஏனென்றால் ஆண்கள் அருகே வரக் கூடாது. மாசி மாதத்து முதல் சனிக்கிழமை, மத்தியான வேளையில், புதுக் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி அந்த உவர்க்கிணற்றில் இறக்குவோம். வீட்டின் மூத்த பெண் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவாள். நான் மருமகளாக வந்த முதல் வருடமே மாமி என்னைப் பக்கத்தில் நிறுத்தி, என் கையையும் கயிற்றில் வைத்துக்கொண்டார். "ஏளா, படிச்சவளே, நல்லாப் புடி. கீழ இருந்து இழுக்கும். இழுத்தா இழுக்கட்டும், நீ மேல இழுக்கப்படாது. மூச்சு முட்டுனதும் விட்டுரு." எதற்கு என்று கேட்டேன். "கப்பித்தானுக்கு மரியாத. நீ எம்.ஏ. படிச்சதுக்கு இதுகூடத் தெரியலையாக்கும்." நான் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் கயிறு இழுபட்டது. மீன் கடித்து இழுப்பது போல் வெட்டி வெட்டி அல்ல. கூட்டத்தில் பிள்ளையொன்று தாயின் முந்தானையைப் பிடித்து இழுக்குமே, அந்த மாதிரி, ஒரே ஒரு முறை. மாமி கையை விட்டார். கயிறு முழுவதும் உள்ளே போய்விட்டது.

மாமி போன பிறகு முப்பத்தொரு வருடம் நான் பிடித்தேன். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. இந்தப் பூமியின் அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் துளைகள், அவற்றின் வழியே கடல் வந்துபோகும் என்று படித்திருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இழுபட்ட நேரத்தையும் கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் துறைமுகத்தின் ஓத அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தேன். பெரும்பாலான வருடங்கள் பொருந்தின. பொருந்தாத வருடங்களை நான் அடிக்கோடிடவில்லை. சில மத்தியானங்களில் அந்தக் கிணற்றிலிருந்து ஓர் ஒலி வரும். நீருக்குள்ளிருந்து ஒருவன் தலைதூக்கி, பல்லிடுக்கில் சீழ்க்கை அடிப்பது போல் காற்றை ஊதிவிட்டு, மறுபடி இழுக்கும் ஒலி. குளியாட்களின் அருகில் வளர்ந்தவர்களுக்கு அது தவறாது. "கப்பித்தான் மூச்சு விடுதாவ" என்பார் மாமி, கீரை ஆய்ந்துகொண்டே. பாறைத் துளையில் அடைபட்ட காற்று என்பேன் நான். ஆனால் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விளக்கமில்லை. வருடத்துக்கு ஒன்றாக அத்தனை கயிறு உள்ளே போயிருக்கிறது. எத்தனையோ கோடைகளில் தூர்வாரியிருக்கிறோம். சட்டி வந்தது, வாளி வந்தது, உன் மரப்பந்து வந்தது. ஒரு முழக் கயிறுகூட வந்ததில்லை. தூர்வாருகிறவர்கள் கேட்பார்கள், நான் மக்கிப்போயிருக்கும் என்பேன். தேங்காய்நார் உவர்நீரில் ஒரு வருடத்தில் மக்குவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

புதன்கிழமை, தவக்காலத் தொடக்கத்துக்காகக் கோவிலில் நெற்றியில் பூசிய சாம்பலோடு சவேரி வந்தான். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. "டீச்சரம்மா, மேஜர் அண்ணாச்சி திங்கக்கெழம எறங்கப் போறாவளாம். என்னையக் கயிறு புடிக்கச் சொல்லுதாவ." பிடியேன் என்றேன், அவன் மனத்தை அறிவதற்காக. "நான் எப்படிம்மா புடிப்பேன்? எங்க அக்கா மரியா மாப்பிள்ளைக்கு நான் புடிக்கணும், அன்னைக்கு நான் பாயில கெடந்தேன். ஒரு சாவுக்கு நான் இல்லாமப் போனேன். இன்னொரு சாவ இருந்து பாக்கணுமா?" நீ சாவாய் என்று அவன் முடிவே செய்துவிட்டானா என்று கேட்டேன். "காது ஓட்டை, வயசும் ஆச்சு. தொட்டித் தண்ணியில முங்கினாலே அவுகளுக்குத் தலை சுத்தும். எட்டுப் பாகத்துல என்ன செய்வாவ? படம் எடுக்க வேணா நல்லா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பதினஞ்சு நாளாச்சு. அண்ணாச்சி இன்னும் அக்கா வீட்டு வாசல மிதிக்கல. சாமான் எல்லாம் ஆள் மூலமா வருது. அரிசி வருது, துணி வருது. அவுக வரல. அக்கா கேக்கா, 'ஏலே, கடலுக்குள்ள எறங்குதவருக்கு எங்க வீட்டுக்குள்ள வர ஏலாதா'ன்னு." அதற்கான பதிலை உனக்குச் சொல்வதற்கென்று வைத்துக்கொண்டேன்.

இப்போது கப்பித்தானைப் பற்றி, எம்.ஏ. பட்டத்துக்காக நான் உண்மையிலேயே படித்து அறிந்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு வயோதிகப் பாதிரியார், பழைய போர்ச்சுக்கீசியக் கடிதங்களைத் தம் கைப்பட நகலெடுத்து ஒரு பெட்டியில் வைத்திருந்தார். எனக்கு மொழியைக் கற்றுக்கொடுத்து, பெட்டியையும் திறந்துவிட்டார். நம் கப்பித்தான் வடக்கு மலைப்பகுதியில் ஓர் ஏழைப் பிரபுவின் மூன்றாம் மகன். மூத்தவனுக்கு நிலம், அடுத்தவனுக்குத் திருச்சபை, இவருக்கு மிஞ்சியது ஒரு வாளும் குடும்பப் பெயரும். பதினான்கு வயதில் பெரிய பிரபு ஒருவரின் அரண்மனையில் உணவு மேசைக்குப் பின்னால் நின்று பணிவிடை செய்தார். பத்தொன்பதில் வட ஆப்பிரிக்கக் கோட்டையொன்றில் காவல்; அங்கே முழங்காலில் ஈட்டிக் காயம். பிறகு எப்போதும் கொஞ்சம் விந்தித்தான் நடந்தார். கோவிலுக்குள் யார் முதலில் நுழைவது என்ற தகராறில் ஒருவனைக் கொன்றுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். இங்கிருந்து தம் தங்கைக்கு மாதத்துக்கொன்றாய் எழுதினார். வெயிலைப் பற்றி, பல்வலியைப் பற்றி, ஊரில் கிடைக்கும் பழப்பாகைப் பற்றி. "பிரபுவின் மானம் பார்க்கிறவர்களின் கண்ணில் இருக்கிறது. பார்ப்பவர் இல்லாத இடத்தில் நானும் ஒரு சாதாரண மனிதனே" என்று ஒரு கடிதத்தில் இருக்கிறது. இன்னொன்றில், தமக்கு நீச்சல் தெரியாது என்றும், படகில் ஏறும்போதெல்லாம் உள்ளங்கை வியர்க்கிறது என்றும் எழுதியிருக்கிறார். இவற்றையெல்லாம் தொகுத்து, கடலுக்கு அஞ்சிய ஒருவர் வாக்குக்காக அதே கடலில் இறங்கினார் என்று முடித்தேன். அழகான முடிவு. ஆசிரியர்கள் பாராட்டினார்கள், ஆய்வு சிறு நூலாக வந்தது. தூத்துக்குடியில் அதைப் படித்த ஒரு குடும்பம், தங்கள் கப்பித்தானைப் பற்றி எழுதிய பெண்ணையே மருமகளாகக் கேட்டது. உன் தகப்பனாருக்கும் எனக்கும் திருமணம் நடந்தது ஜாதகத்தாலோ சொத்தாலோ அல்ல, ஒரு கடைசி அத்தியாயத்தால்.

அந்த நூல் அச்சிலிருக்கையில் பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு கடிதம் கிடைத்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. படித்தேன். அச்சகத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நிறுத்தியிருப்பார்கள். எழுதவில்லை. முதலில் நூலுக்காக, பிறகு திருமணத்துக்காக, பிறகு மாமிக்காக, பிறகு உனக்காக. ஒவ்வொரு முறையும் வேறொருவருக்காக மறைப்பதாக எண்ணிக்கொள்வது வசதியாக இருந்தது. நீ பட்டாளத்துக்குப் போகிறேன் என்று அந்த நூலைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் சென்றபோது, ரயில்நிலையத்திலாவது சொல்லியிருக்கலாம். பிரபுக்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. அவர்கள் சட்டையின் வெண்மை நம் கண்ணை நிறைத்துவிடும், அதைத் துவைத்தவர்களைத் தேடத் தோன்றாது.

நேற்று மத்தியானம் இரண்டரை மணிக்கு, மாசி முதல் சனி போய் ஏறக்குறைய மூன்று வாரமாகியும், நான் கிணற்றடிக்குப் போனேன். புதுக் கயிறு, நுனியில் சுருக்குப் போட்டுத் தேங்காய் அளவு கல். என் கையால் இறக்கினேன். மூச்சை அடக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கல் தரைதட்டுவதற்கு முன்பே இழுபட்டது. நின்று, மறுபடி இழுபட்டது. பிறகு மறுபடியும். ஓத அட்டவணைப்படி அப்போது நீர் இறங்குமுகம். விடு என்று மாமியின் குரல் எனக்குள் சொல்லிற்று. அது பழக்கம், பேய் அல்ல. நான் விடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக மேலே இழுத்தேன். கனமாக இருந்தது. கிணற்றுச் சுவரில் முழங்காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். பாதிவரை வந்ததும் கனம் மெல்லக் குறைந்தது, ஒருவன் ஏணியின் கடைசிப் படியில் தானே காலூன்றிக்கொள்வது போல. கயிறு வந்தது. கல் இல்லை. சுருக்கு அவிழவில்லை, அறுபடவில்லை. ஒரு மணிக்கட்டின் பருமனுக்கு இறுகியிருந்தது. இன்றுவரை கிணறு மௌனமாக இருக்கிறது. இதற்கு நான் பொருள் எதுவும் சொல்லவில்லை. கயிறு என் மேசைமேல் இருக்கிறது. வந்து பார், ஆனால் உன் கையை அந்தச் சுருக்குக்குள் விட்டுப் பார்க்காதே.

இனி அந்தக் கடிதம். கப்பித்தான் கடலில் இறங்கியதாகச் சொல்லப்படும் நாளுக்குப் பதினொரு வருடத்துக்குப் பிறகு, கோவாவிலிருந்து, தன் கைப்பட, தன் தங்கைக்கு அவன் எழுதியது. பல் எல்லாம் போய்விட்டதாம், உடம்பு பெருத்துவிட்டதாம். ஊருக்குத் திரும்ப ஆசையாம். பழைய பாவம் ஒன்றைச் சொல்லி ஜெபிக்கக் கேட்கிறான். பதினொரு பேர் செத்த பிறகு குளியாட்கள் கரையில் கூடி உட்கார்ந்துவிட்டார்கள், வாக்கு எங்கே என்று கேட்டார்கள், குளிப்புக் காலம் வீணாகிக்கொண்டிருந்தது. கப்பித்தான் தன் உயரமுள்ள ஒரு குளியாளுக்குத் தன் சட்டையையும் தொப்பியையும் அணிவித்தான். கரைக்குத் தெரியாமல் படகின் மறுபக்கமாக ஏற்றிவிடுகிறோம் என்று அவனிடம் சொன்னார்கள். அவன் நம்பினான், ஏனென்றால் கயிறு பிடித்தவன் அவனுடைய மைத்துனன். கப்பித்தான் அதே படகில் பாய்த்துணிக்கு அடியில் படுத்திருந்தான். உயிரோடு ஏறினால் அந்தக் குளியாள் ஒருநாள் பேசுவான், பிணமாக ஏறினால் முகம் தெரிந்துவிடும். கயிறு இழுபட்டது. மைத்துனன் பாய்த்துணியைப் பார்த்தான். கப்பித்தான் தலையை அசைத்தான். மறுபடி இழுபட்டது. மூன்றாம் முறையும் இழுபட்ட பிறகு மைத்துனன் விட்டுவிட்டான். இறங்கியவனின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. தன் குதிரையின் பெயரை எழுதியிருக்கிறான். "அந்த மைத்துனனுக்குக் கிணற்றோடுகூடிய என் வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்" என்று முடிகிறது.

ஆகவே திங்கட்கிழமை நீ இறங்குவதால் யாருடைய வாக்கும் காப்பாற்றப்படாது. கரையிலிருந்து பார்க்க ஒரு வெள்ளைச் சட்டை கிடைக்கும், அவ்வளவுதான். நீ போக வேண்டிய இடம் எட்டுப் பாகத்துக்குக் கீழே இல்லை, திரேஸ்புரத்தில் மரியாவின் வாசலில் இருக்கிறது. அங்கே நின்று, நான் அவசரப்பட்டேன், பொறுங்கள் என்று சொன்னவர்களைக் கேட்காமல் அன்னியன் கையில் கயிற்றைக் கொடுத்தேன் என்று சொல். ஆள் மூலமாக அனுப்பாதே. அதன்பின் சவேரியும் மற்றவர்களும் உன்னை நம்பி ஒருநாள் படகில் ஏற்றினால், கையுறை போடாமல் உட்கார்ந்து கயிறு பிடிக்கக் கற்றுக்கொள். ஏற்றாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்.

கப்பித்தானின் வழியில் வந்தவர்கள் நாம் அல்ல, இந்த வீட்டைப் பெற்ற அந்த மைத்துனனின் வழி. ஒன்பது வயதில் நீ கேட்ட கேள்விக்கு நான் பொய் சொன்னேன். கயிற்றைப் பிடித்திருந்தது கடவுள் அல்ல. நாம்தான் பிடித்திருந்தோம்; நாம்தான் விட்டோம்.

உன் அம்மா